வந்தாக, அடிச்சாக

ஆனைக்கல்பட்டியில் யார் யாரைப் பற்றிப் பேசினாலும், வினைச்சொல்லின் வாலைக் கேட்டாலே போதும், பேசப்படுகிற ஆள் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். 'வந்தான்' என்றால் ஒத்த வயசுச் சோட்டுக்காரன், இல்லாவிட்டால் கீழ்ப்படியில் இருப்பவன். 'வந்தாரு' என்றால் வாத்தியார், கண்டக்டர், கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர். 'வந்தாக' என்றால் மாமனார், வீட்டுக்காரர், முதலாளி. இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. கால் நடை பழகும்போதே நாக்கும் பழகிவிடும்.

சங்கிலியம்மாள் பிறந்த தெருவில் நாக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பழக வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் மேலத்தெருவில் இருக்கிற எல்லோரும் 'வந்தாக'தான். அந்தத் தெருவில் கர்ணன் வீட்டுப் பேரன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், வாசல் பெருக்கப் போகிற சங்கிலியம்மாள், "தம்பி எந்திரிச்சாகளா, பால் குடிச்சாகளா?" என்று கேட்பார். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் அது அவரை, "ஏ சங்கிலி, இங்கன வா" என்று கூப்பிட்டது. அவர் சிரித்துக்கொண்டே போனார். அதில் குறைப்பட என்ன இருக்கிறது என்றுதான் அப்போது தோன்றியது.

கர்ணன் குடும்பத்துக்குச் சுருளியாற்றுப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம். அண்ணன் கர்ணன், தம்பி மாரிசெல்வம், இரண்டு பேருக்கும் பொதுச்சொத்து. நேரில் கூப்பிட்டால் இருவரும் 'மொதலாளி'. பிரித்துச் சொல்ல வேண்டி வந்தால் 'பெரியவுக', 'சின்னவுக'. பேரைச் சொல்லும் வழக்கம் சங்கிலியம்மாளுக்கு இல்லை. ஒரு பேரை இத்தனை காலம் சொல்லாமலே இருந்தால், அது சொல்லக்கூடிய ஒன்று என்பதே மறந்துபோகும். கவாத்து, கொடி கட்டுவது, மருந்தடிப்பு, குலை வெட்டு என்று வருஷம் முழுக்க அந்தப் பந்தலுக்கு அடியில்தான் அவருடைய பாடு. மோட்டார் ரூமை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. அங்கேதான் அவரும் புருஷன் அழகுமலையும் இருந்தார்கள். மகள் பவானி போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிற வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டாள்.

அழகுமலை நடுவில் சில வருஷம் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். நெஞ்சில் சாயத்தண்ணியின் ஆவி இறங்கி இருமல் பிடித்துக்கொண்டதால் ஊருக்கே திரும்பிவிட்டார். இருமலோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார். அந்தப் பக்கம் சூப்பர்வைசரும் கூட்டுகிறவரை 'வாங்க, சாப்டீங்களா' என்பாராம். டீக்கடைக்காரர் சின்னப்பிள்ளைகளைக்கூட 'என்னங்க தம்பி' என்பாராம். அதைச் சொல்லும்போது அழகுமலையின் முகம் ஒரு நல்ல சாப்பாட்டை நினைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஊருக்கு வந்தபிறகு கர்ணனைப் பற்றிப் பேசும்போது, எப்படியோ அவர் வாயில் 'வந்தாரு' என்று வர ஆரம்பித்தது. சங்கிலியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "வந்தாகன்னு சொல்லுங்க, யாரு காதுலயாவது விழுகப் போகுது" என்று கண்டித்தார். அழகுமலை, மரியாதையாகத்தானே சொல்கிறேன், வந்தான் என்றா சொன்னேன் என்று கேட்டார். ஆனால் ஒரு படி இறக்குவதும் கீழே தள்ளுவதும் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்றுதான் என்பது சங்கிலியம்மாளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் குலை வெட்டு. வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டி முடித்துவிட வேண்டுமென்று சங்கிலியம்மாளும் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளும் பந்தலுக்குக் கீழே கத்தரியோடு நின்றார்கள். அழகுமலை பழக் கிரேட்டுகளில் காகிதம் விரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் போன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கோட்டயத்து வியாபாரி கூப்பிட்டு, கர்ணன் இருக்கிறாரா, லாரி அனுப்பலாமா என்று கேட்டார். அழகுமலை சத்தமாகவே சொன்னார்: "கர்ணன் வந்தாரு, பாத்தாரு, இப்பத்தான் கம்பத்துக்குப் போனாரு."

கர்ணன் போகவில்லை. பந்தலின் அந்தப் பக்கம் தண்ணீர்க்குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அவன் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தான். "யாருடா கர்ணன்?" என்று கேட்டான். அழகுமலைக்கு முதலில் கேள்வி புரியவில்லை. கர்ணன் குனிந்து வாய்க்காலோரம் கழன்று கிடந்த மம்பட்டிக் கணையை, அந்த மரப்பிடியை, எடுத்தான். அழகுமலை, "இல்லைங்க, வியாபாரி கேட்டாருங்க" என்று திருப்பூர் வாடையிலேயே சொன்னார். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்ததைத் தடுக்க அவர் கையை ஓங்கினார். அது கைமுட்டியில் பட்டு, அதற்கடுத்தது காதோரம் பட்டது. அவர் சாய்ந்து பந்தலின் கல்லுக்காலில் பின்மண்டை மோத விழுந்தார். சங்கிலியம்மாள் கத்தியதைக் கேட்டுத்தான் மாரிசெல்வம் தோட்டத்து வாசலில் இருந்து ஓடி வந்தான். வந்தவன் அண்ணன் கையிலிருந்த கணையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான்.

தேனிக்குக் கொண்டுபோகிற வழியில் சின்னமனூர் தாண்டுகையில் அழகுமலையின் மூச்சு நின்றது. தலை சங்கிலியம்மாள் மடியில் இருந்தது. வேன்காரன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தான்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எடுத்த ஏட்டு நல்ல மனுஷர்தான். தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அவசரப்படாமல் சொல்லச் சொன்னார். சங்கிலியம்மாள் நடந்ததை நடந்தபடியே சொன்னார். "மொதலாளி வந்தாக. யாருடான்னு கேட்டாக. அவுக இல்லைங்கன்னு சொன்னாக. மொதலாளி கணைய எடுத்து அடிச்சாக. அவுக கைய ஓங்குனாக. அப்புறம் அவுக கல்லுக்கால்ல விழுந்தாக." புருஷனும் அவருக்கு அவுக, முதலாளியும் அவுக. நேரில் பார்த்த கண்ணுக்கு அதில் குழப்பம் ஏது? ஏட்டு அதை எழுத்துத் தமிழாக்கினார். வந்தார்கள், கேட்டார்கள், அடித்தார்கள், விழுந்தார்கள். வாசித்துக் காட்டினபோது, பேச்சில் சொன்னதைவிட எழுத்தில் இன்னும் மரியாதையாக இருப்பதாகத்தான் சங்கிலியம்மாளுக்குப் பட்டது. சரி என்று தலையாட்டிக் கைரேகை வைத்தார்.

கொலை வழக்கோடு வன்கொடுமைப் பிரிவையும் சேர்த்தார்கள். கர்ணன் கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். அவன் ஊருக்குள் வந்த அன்றைக்குச் சங்கிலியம்மாள் தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போடிக்கு மகளிடம் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. தெருவில் யாரும் பேசவும் இல்லை. பாண்டியம்மாள் மட்டும் பஸ் ஏறுகிற இடம் வரை கூட வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வருஷங்கள் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. அதற்குள் பாண்டியம்மாளின் மகனுக்குக் கர்ணன் வீட்டு டிராக்டரில் வேலை கிடைத்திருந்தது. அவர் கூண்டில் ஏறி, தனக்கு எதுவும் தெரியாது, அன்றைக்குத் தோட்டத்துக்கே போகவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். வெளியே வரும்போது சங்கிலியம்மாளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டு போனார். கோட்டயத்து வியாபாரி சம்மனுக்கு வரவே இல்லை. அரசுத் தரப்பில் மிச்சம் இருந்தது சங்கிலியம்மாளின் வாய் ஒன்றுதான்.

அரசு வக்கீலுக்குத் துணையாக வேல்விழி என்கிற இளம் வக்கீல் ஆஜரானார். அல்லிநகரத்தில் ஜவுளிக்கடை மாடியில் அவருடைய ஆபீஸ். சாட்சி சொல்வதற்கு முந்தின வாரம் சங்கிலியம்மாளையும் பவானியையும் அங்கே வரச் சொல்லி, பழைய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். வாசிக்க வாசிக்க வேல்விழியின் புருவம் சுருங்கியது.

"அம்மா, இதுல யாரு யாரை அடிச்சாங்கன்னே தெரியலை. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மொதலாளி. உங்க வீட்டுக்காரரும் அவுக, அடிச்ச ஆளும் அவுக. 'அடித்தார்கள்'னு வேற எழுதியிருக்கு. நாலு பேர் சேந்து அடிச்ச மாதிரி இருக்கு. கோர்ட்டுல நீங்க தெளிவாச் சொல்லணும். கர்ணன் வந்தான், கர்ணன் அடிச்சான். எங்க, சொல்லுங்க."

சங்கிலியம்மாள் வாயைத் திறந்தார். "பெரியவுக" என்று வந்தது. இல்லை, பேர் என்றார் வேல்விழி. பவானி, சொல்லும்மா என்று தோளை உலுக்கினாள். கொஞ்ச நேரப் போராட்டத்துக்குப் பிறகு "கர்ணன்" என்பது வெளியே வந்தது. கைக்குழந்தையை முதல்முதலாகத் தரையில் விடுகிற மாதிரி அதைச் சொல்லிவிட்டு, அவர் கதவுப் பக்கம் பார்த்தார். ஆனால் 'அடிச்சான்' வரவில்லை. 'அடிச்சா' வரைக்கும் வரும். அதற்குமேல் நாக்கு தானாக 'க'வில் போய் முட்டும்.

வேல்விழி யோசித்தார். போகட்டும், அடிச்சாரு என்றாவது சொல்லுங்கள், அதில் ஒரு ஆள் என்பது தெளிவாகிவிடும் என்றார்.

சங்கிலியம்மாள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அவுக அதத்தான் தாயி சொன்னாக. வந்தாருன்னு."

வேல்விழி கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தார்.

அவர் தானாகவே தேடிப் படித்து, இந்த 'அவுக' எங்கிருந்து வருகிறது என்று ஒரு குறிப்பு தயார் செய்தார். அவன், அவள் என்று பல பேர் சேர்ந்தால் அவர். அந்தக் காலத்தில் அது கூட்டத்துக்கு உரிய சொல். பிறகு பெரிய மனிதர் ஒருவரை ஒரு ஆளாக எண்ணிச் சொல்வது குறைவு என்று, அவரைக் கூட்டமாக்கி அவர் என்றார்கள். அது ஒருவருக்கே ஆகிப்போனதால், நிஜமான கூட்டத்தைச் சொல்ல அதன்மேல் ஒரு 'கள்' ஒட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அந்த அவர்களும் பெரிய மனிதர் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது. கூட்டத்தின்மேல் கூட்டம். அதைத்தான் இந்தப் பள்ளத்தாக்கு வாயில் போட்டுத் தேய்த்து அவுக என்கிறது. வந்தார்களை வந்தாக என்கிறது. வேல்விழி இதைப் பவானிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது சங்கிலியம்மாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பாதி புரிந்தது. பெரியவுக தோட்டத்துக்குள் வந்தால் பந்தல் முழுக்க ஆள் நிறைந்துவிட்ட மாதிரி மூச்சு முட்டுமே, அது அவருக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் சரியாகத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

சாட்சி நாளன்று கோர்ட்டில் கூட்டம் இருந்தது. ஆனைக்கல்பட்டி மேலத்தெரு ஆட்கள் வெள்ளை வேட்டியோடு வந்து பின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கர்ணன் எதிர்க்கூண்டில் கை கட்டி நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். சங்கிலியம்மாள் கூண்டில் ஏறியதும் அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். முறைக்கக்கூட இல்லை. வாசல் பெருக்க வரும்போது பார்ப்பானே, அதே பார்வை.

அரசு வக்கீல் கேட்கக் கேட்க, வேல்விழி சொல்லிக் கொடுத்த எல்லாம் சங்கிலியம்மாளின் தலையிலிருந்து வடிந்துபோயின. மொதலாளி வந்தாக. அடிச்சாக. நீதிபதி நிறுத்தி, எந்த முதலாளி, பேரைச் சொல்லுங்கள் அம்மா, இங்கே உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். சங்கிலியம்மாள் பேரைச் சொல்லவில்லை. ஆள் இங்கே இருந்தால் காட்டுங்கள் என்றார் நீதிபதி. சங்கிலியம்மாள் கையை நீட்டினார். விரலை நீட்டத் தெரியவில்லை. உள்ளங்கையை விரித்து, விருந்தாளியைப் பந்திக்கு அழைக்கிற மாதிரி கர்ணன் பக்கம் காட்டினார். பின் பெஞ்சில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

பிறகு கர்ணனின் வக்கீல் எழுந்தார். மதுரைக்காரர், வயசானவர், பேர்போனவர். மிரட்டப்போகிறார் என்று பவானி பயந்துகொண்டிருந்தாள். அவர் மிரட்டவில்லை. "உக்காந்துக்கிறீங்களாம்மா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அப்படிப்பட்ட ஒரு பெரிய மனிதர் தன்னை வாங்க போங்க என்று பேசிச் சங்கிலியம்மாள் கேட்டதில்லை. அவர் உட்காராமலே வக்கீலைப் பார்த்துக் கும்பிட்டார்.

உங்கள் வாக்குமூலத்தில் வந்தார்கள், அடித்தார்கள் என்று இருக்கிறதே, எத்தனை பேர் வந்தார்கள் அம்மா என்று கேட்டார் வக்கீல். மொதலாளிதான் சாமி என்றார் சங்கிலியம்மாள். மாரிசெல்வமும் உங்களுக்கு மொதலாளிதானே என்று கேட்டார். ஆமாம் என்றார். அவரும் வந்தாரா என்று கேட்டார். வந்தாக என்றார். அவர் கையில் கணை இருந்ததா என்று கேட்டார். புடுங்குனாக என்றார். அப்படியானால் அவர் கையிலும் கணை இருந்தது என்றார் வக்கீல். நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கிற ஒவ்வொரு முறையும், தன் வாயிலிருந்து போனது ஏதோ ஒன்று இனித் திரும்பி வராது என்று சங்கிலியம்மாளுக்குத் தோன்றியது.

வக்கீல் தாளைப் பார்த்தார். "'அவுக கைய ஓங்குனாக'ன்னு சொல்லியிருக்கீங்க. யாரும்மா கையை ஓங்குனது?"

"எங்க வீட்டுக்காரவுக."

"முதல்ல கை ஓங்குனது உங்க வீட்டுக்காரர்."

"இல்ல சாமி. அவுக அடிச்சாக, அதுக்கு அவுக ஓங்குனாக."

"எவுக அடிச்சாக, எவுக ஓங்குனாக? ரெண்டு பேரும் அவுகன்னா கோர்ட்டுக்கு எப்படிம்மா புரியும்? பிரிச்சுச் சொல்லுங்க. அடிச்சது யாரு, விழுந்தது யாரு?"

சங்கிலியம்மாள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தார். வேல்விழி உட்கார்ந்த இடத்திலிருந்து உதட்டை மட்டும் அசைத்தார்: அடிச்சான். பவானி இருந்த பக்கம் சங்கிலியம்மாள் பார்த்தார். எதிர்க்கூண்டைப் பார்த்தார். இரண்டில் ஒன்றைக் கீழே இறக்கினால்தான் இரண்டும் பிரியும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நன்றாகவே விளங்கியது. நீதிபதி, சொல்லுங்கள் அம்மா என்றார்.

"மொதலாளி அடிச்சாக," என்றார் சங்கிலியம்மாள். "எம் புருசன் விழுந்தான். அழகுமலை விழுந்தான். செத்துட்டான்."

பின் பெஞ்சில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பவானி எழுந்து வெளியே போனாள். கதவு ஆடி நின்றது.

மதுரை வக்கீல் கையிலிருந்த தாளைத் திருப்பினார். அவரே அதை எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. ஆனால் தொழில்காரர், கையில் கிடைத்ததை விடுவாரா? உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒத்துப்போகாதோ என்று மெதுவாகக் கேட்டார். ஒத்துப்போகும் என்றார் சங்கிலியம்மாள். புருஷனை அவன் இவன் என்று பேசுவதுதான் வழக்கமோ என்று கேட்டார். சங்கிலியம்மாள் பதில் சொல்லவில்லை. சாட்சி மௌனம் என்று பதிவு செய்துகொள்ளும்படி வக்கீல் நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். கட்டின புருஷனை அடித்துக் கொன்றவர் என்று ஒரு ஆளைச் சொல்கிறீர்கள், அவரை இன்றைக்கு வரைக்கும் வந்தாக, அடிச்சாக என்று மரியாதையாகச் சொல்கிறீர்கள், செத்துப்போன புருஷனை அவன் என்கிறீர்கள், இது நம்புகிற மாதிரி இருக்கிறதா அம்மா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உட்கார்ந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் பவானி நின்றுகொண்டிருந்தாள். அழுதிருந்தாள். அம்மா பக்கத்தில் வந்ததும் தள்ளிப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதும் முன்னால்தான் நடந்தாள். போடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பாவ எப்படிம்மா அவன்னு சொன்ன?"

சங்கிலியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அப்பா கோவிச்சுக்கிட மாட்டாக ஆத்தா," என்றார். "அதான்."

அந்த நாளுக்குப் பிறகு பவானியின் பேச்சு மாறியது. அதுவரைக்கும் மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் 'அப்பா வந்துச்சு, அப்பா சொல்லுச்சு' என்றுதான் சொல்லுவாள். செல்லமாக வருகிற பேச்சு. இப்போது ஸ்டோரில் கூட வேலை பார்க்கிறவர்களிடம் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால், இருந்தாக, சொன்னாக, இருமுனாக என்று ஒவ்வொன்றாக அழுத்திச் சொன்னாள். அம்மா காதில் விழுகிற மாதிரி சொன்னாள். சங்கிலியம்மாள் கேட்டுக்கொண்டே அரிசி களைவார்.

இறுதி வாதத்தில் அரசு வக்கீல், வேல்விழி தயார் செய்த குறிப்பை வைத்து நன்றாகவே பேசினார். கனம் நீதிபதி அவர்களே என்று நாங்கள் அழைக்கிறோம், ஆசனத்தில் இருப்பது ஒருவர்தான், நாங்கள் யாரும் பல பேரைப் பார்த்துப் பேசவில்லை, அதைப்போலத்தான் இந்தச் சாட்சியின் அடித்தார்களும் என்றார். நீதிபதி லேசாகப் புன்னகைத்தார். தானும் இந்தத் தமிழைப் பேசுகிறவர்தான் என்றும், சொல்லின் பொருள் தனக்குப் புரியாமல் இல்லை என்றும் சொன்னார். வேல்விழிக்கு அப்போது நம்பிக்கை வந்தது.

தீர்ப்பில் நீதிபதி அதையும் எழுதியிருந்தார். பன்மை விகுதி மரியாதைக்காக வந்தது என்பதை நீதிமன்றம் ஏற்கிறது. ஆனால் முதலாளி என்ற சொல் இருவருக்கும் பொதுவாக இருப்பதாலும், கணை இருவர் கையிலும் இருந்ததாகச் சாட்சியே சொல்லியிருப்பதாலும், இன்னொரு நேரடி சாட்சி பிறழ்ந்துவிட்டதாலும், மேலும் சாட்சியின் நடத்தை புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் இயல்புக்கு ஒத்ததாக இல்லாததாலும், சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகிறது. கர்ணன் விடுதலை. வெளியே அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். சங்கிலியம்மாளும் பவானியும் கூட்டம் கலையும்வரை மாடிப்படியிலேயே நின்றார்கள். கீழே, "அண்ணன் வந்துட்டாக, வழி விடுங்கப்பா" என்ற சத்தம் கேட்டது.

மதுரை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்திருக்கிறது. அங்கே போனால் பேரையும் விகுதியையும் சரியாகச் சொல்லிவிடலாமா என்று சங்கிலியம்மாள் ஒருமுறை கேட்டார். ஒரு மாதமாக வீட்டில் தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அங்கே சாட்சியைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள் என்று வேல்விழி சொன்னார். இங்கே சொன்னதை இங்கிலீஷில் மாற்றி அனுப்புவார்கள், அதை வைத்துத்தான் பேசுவார்கள். மாற்றினவர் எல்லா இடத்திலும் பல பேர் என்று போட்டுவிட்டார், திருத்தச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன் என்றார். புருஷனைச் சொன்ன இடத்தில் மட்டும் ஒரே ஆள் என்று சரியாக வந்திருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. பவானிதான் தாளைப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

சங்கிலியம்மாள் இப்போது போடியிலிருந்து ஜீப்பில் மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிறார். மேலே குளிர். அட்டை கடிக்கும். முழங்கால் தாங்குவதில்லை. ஆனால் அங்கே போனால் மூச்சு கொஞ்சம் லேசாக இருக்கிறது என்கிறார். மலையாளம் அவருக்கு முன்பே அரைகுறையாகத் தெரியும். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. அந்தப் பேச்சில் வினைச்சொல்லுக்கு வால் கிடையாது. முதலாளி வந்நு. பட்டி வந்நு. மழ வந்நு. முதலாளிக்கும் நாய்க்கும் மழைக்கும் ஒரே 'வந்நு'. மரியாதை காட்ட அவர்களுக்கும் வேறு வழிகள் இருக்கும். ஆனால் வாயைத் திறந்த உடனே ஒரு ஆளை இன்ன படி என்று நிறுத்திவைக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை.

கூட வேலை செய்கிற ஏலிக்குட்டி சங்கிலியம்மாள் வயசுக்காரர், விதவை. ஒருநாள் மழைக்கு ஷெட்டில் ஒதுங்கியிருந்தபோது, உன் வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று கேட்டார். சங்கிலியம்மாள் அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அன்றைக்கு, தெரிந்த மலையாளத்தில் சொன்னார். தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி வந்நு. தல்லி. என் பர்த்தாவு வீணு. மரிச்சு. அடியும் விழுகையும் சாவும், எதற்கும் வால் இல்லை. எந்த முதலாளி என்று ஏலிக்குட்டி கேட்டார். "கர்ணன்" என்றார் சங்கிலியம்மாள். தடுமாற்றமே இல்லாமல் வந்தது. கோர்ட்டில் அரைநாள் நின்று சொல்ல முடியாமல் போனதை, தகரத்தின்மேல் மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவில் நாலைந்து சொல்லில் சொல்லி முடித்துவிட்டார். எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை.

ஏலிக்குட்டி வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "அவனு சிக்ஷ கிட்டியோ?" என்று கேட்டார். அவனுக்குத் தண்டனை கிடைத்ததா என்று.

அவன் என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் சங்கிலியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று ஷெட் வாசலையும், அதற்கப்பால் ஏலச்செடிகள் நனைந்துகொண்டிருந்த சரிவையும் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"இல்ல," என்றார்.

மழை விட்டதும் கங்காணி விசில் ஊதினார். இரண்டு பேரும் எழுந்து, சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு களைக்கு இறங்கினார்கள்.